யாருடைய கதாபாத்திரத்தை யார் கொல்லலாம்?

ஒரே கற்பனை உலகத்தைப் பல பேர் சேர்ந்து எழுதப் போகிறோம் என்று யாராவது ஆசையோடு வந்து சொன்னால், வரைபடம் தயாரா, மந்திரம் உண்டா, எத்தனை ராஜ்ஜியம் என்றெல்லாம் நான் கேட்பதில்லை. யாருடைய கதாபாத்திரத்தை யார் கொல்லலாம் என்று பேசிவிட்டீர்களா என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் சிரிப்பார்கள். "நாங்க எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தானே, அப்படி ஏதாவது வந்தா பேசித் தீர்த்துக்குவோம்" என்பார்கள். பேசலாம்தான். ஆனால் கதாபாத்திரம் செத்த பிறகு பேசினால் அது பஞ்சாயத்து ஆகிவிடும், அதில் கதையைவிட கோபம்தான் அதிகம் ஓடும்.

1979-ல் ராபர்ட் லின் ஆஸ்ப்ரின் 'தீவ்ஸ் வேர்ல்ட்' என்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். சாங்க்சுவரி என்று ஒரு ஊர், பேரரசின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிற, திருடர்களும் கூலிப்படையினரும் நிறைந்த ஊர். ஆளுக்கொரு கதை எழுத வேண்டும், எல்லாக் கதையும் அந்த ஊரில் நடக்க வேண்டும், அடுத்தவர் உருவாக்கிய ஆளையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை என்னவென்றால், உங்களுடையது அல்லாத கதாபாத்திரத்தைக் கொல்லக்கூடாது, சொல்லிக்கொள்ளும்படியாகத் திருத்தவும் கூடாது.

கொல்லக்கூடாது என்பது யாருக்கும் தோன்றும். திருத்தக்கூடாது என்று சேர்த்தார் பாருங்கள், அங்கேதான் ஆள் விவரமானவர் என்று தெரிகிறது. ஒருவர் பல கதைகளாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒரு அயோக்கியனை இன்னொருவர் தன் கதையின் கடைசிப் பக்கத்தில் மனம் திருந்தி அழ வைத்துவிட்டால், அவன் உயிரோடு இருந்தும் பிரயோஜனமில்லை, அவனை நம்பி அடுத்து எழுத இருந்தது எல்லாம் போச்சு. கல்யாணம் செய்து வைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை ஊர் முன்னால் போட்டு உடைப்பதும் இதேதான்.

இந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் நான் என் அளவுகோலை எடுத்துக்கொண்டேன். ஒரு கதை அந்த உலகத்தில் செய்கிற மாற்றத்தை, அடுத்து எழுத வருகிறவர் சிரமமில்லாமல் சமாளித்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் விட்டுவிடலாம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முடியாது என்றால் எழுதுவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாம், சுவரை இடிக்கிறதென்றால் கேட்க வேண்டும், அந்த மாதிரி. (ஆணிக்கும் முகத்தைச் சுளிக்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்கள் ஆரம்பிக்கிற கற்பனை உலகங்களில் யாரும் ரொம்ப நாள் குடியிருப்பதில்லை.) ஆனால் நான் பார்த்த பல குழுக்களில் நடப்பது நேர் எதிர். ஒரு ராணியின் கண் என்ன நிறம், ஒரு ஊரின் பெயரில் 'ர'வா 'ற'வா என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். அதே நேரம் வேறொருவர் அந்த நாட்டின் நடுவில் வற்றாத தங்கச் சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியிருப்பார், அதற்கு எல்லாரும் 'அருமை' என்று பாராட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு அந்த நாட்டில் கடன்பட்டுத் தவிக்கிற வியாபாரியைப் பற்றி யாராவது எழுத உட்காரும்போதுதான் இடிக்கும்.

ஆஸ்ப்ரினின் நிபந்தனையிலும் ஒரு ஓட்டை இருந்தது. அது ஆட்களைக் காப்பாற்றியது, ஊரைக் காப்பாற்றவில்லை. என் ஆளை நீ கொல்ல முடியாது, உன் ஆளை நான் கொல்ல முடியாது, சரி, அப்போது என் ஆள் உன் ஆளை மிஞ்ச என்ன செய்வது? இன்னும் பலசாலியாக ஆக்கு. அந்தத் தொடர் 1989 வரை பன்னிரண்டு தொகுப்புகளாகப் போனது. முதலில் இருந்த பொடித் திருடர்களும் சாராயக்கடைத் தகராறுகளும் போகப் போகப் பின்னால் ஒதுங்கி, சாகாவரம் பெற்ற போர்வீரனும் சூனியக்காரிகளும் தெய்வங்களும் அந்தச் சின்ன ஊரில் இடம் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஆரம்பத்தில் வந்த ஊர்தான் பிடிக்கும். ஆளாளுக்குத் தன் கதாபாத்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால், உலகத்தின் அளவை யார் பார்த்துக்கொள்வது என்பது ஒரு தனிக் கேள்வி, அதற்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவிலும் இது வந்தது, வேறு ரூபத்தில்.

நாங்கள் எழுதுவது ஒரு தீவுக்கூட்டத்தைப் பற்றி. தீவுக்குத் தீவு செய்தி போக வேண்டுமென்றால் படகுதான், படகுக்குக் காற்று வேண்டும், காற்று இல்லாத பருவத்தில் ஒரு தீவில் என்ன நடக்கிறது என்று பக்கத்துத் தீவுக்கே தெரியாது. பாதிக் கதைகள் இந்தத் தாமதத்தில்தான் ஓடுகின்றன. போர் முடிந்தது தெரியாமல் சண்டை போடுகிறவர்கள், செத்துப்போன ஆளுநரின் கட்டளையை நிறைவேற்றுகிறவர்கள், வாரிசு நான்தான் என்று வந்து நிற்கிறவனைச் சரிபார்க்க வழியில்லாமல் உபசரிக்கிறவர்கள். இந்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தோழி ஒரு கதை கொண்டுவந்தார். பிரிந்துபோன இரண்டு சகோதரிகளிடம் ஒரு ஜோடிச் சங்கு இருக்கிறது, ஒன்றில் பேசினால் மற்றதில் கேட்கும், எவ்வளவு தூரமானாலும் அதே நொடியில். கதை நன்றாக இருந்தது, அதுதான் பிரச்சினையே. மோசமான கதையாக இருந்தால் நாசூக்காக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

அந்தச் சங்கு உள்ளே வந்தால் மற்றவர்களின் கதைகள் பாதி அடிபடும். ஏனென்றால் அடுத்து வாசிக்கிறவர் கேட்கிற முதல் கேள்வியே "ஏன் ஆளுநர் ஒரு சங்கு வாங்கிக்கொள்ளவில்லை?" என்பதாகத்தான் இருக்கும். குழுவை ஆரம்பித்தவர் நேரடியாக, சங்கை எடுத்துவிட்டுக் கதையை அனுப்புங்கள் என்று சொல்லப் பார்த்தார். இன்னொரு பக்கம், எழுதுகிறவருக்குச் சுதந்திரம் இல்லையென்றால் எதற்கு இந்தக் கூத்து என்று இரண்டு பேர். நல்லவேளையாக ஒருவர் அந்தத் தோழியிடமே கேட்டார்: இந்தச் சங்கு இருக்கிற உலகத்தில் படகோட்டிகளுக்கு ஏன் இன்னும் வேலை இருக்கிறது? அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாதது. சங்குக்குள் பேசிய குரல் கடல் வழியாகத்தான் போகும், நீரோட்டத்தின் வேகத்தில்தான் போகும், ஆகவே படகைவிடத் தாமதமாகக்கூடச் சேரலாம். அப்படி மாற்றியதும் கதையே வேறு உயரத்துக்குப் போய்விட்டது, அக்காவின் குரல் தங்கைக்குக் கேட்கிறபோது அக்கா உயிரோடு இல்லை. இப்போது அந்தச் சங்கை வேறு மூன்று பேர் தங்கள் கதைகளில் எடுத்தாண்டிருக்கிறார்கள்.

"இதை எடு" என்று சொல்லியிருந்தால் ஒரு நல்ல கதையும் ஒரு நல்ல எழுத்தாளரும் போயிருப்பார்கள். "எழுதினது எழுதினதுதான்" என்று விட்டிருந்தால் தீவுகள் போயிருக்கும். கட்டுப்பாடு என்பது தீர்வையும் சேர்த்துக் கொடுப்பதாக இருக்கக்கூடாது, பிரச்சினையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தீர்வு எழுதுகிறவருடையது. தொகுப்பாளர் கொடுத்த தீர்வோடு வருகிற கதைகளை மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடலாம், எல்லாமே ஒரே ஆள் எழுதியது போல இருக்கும்.

செய்தி எவ்வளவு வேகமாகப் போகும், ஆட்கள் எவ்வளவு வேகமாகப் போவார்கள், செத்தவர் திரும்பி வருவாரா, இந்த மூன்றையும் மட்டும் ஆரம்பத்திலேயே இறுக்கிக் கட்டிவிட்டால் மற்றதெல்லாம் தளர்வாக இருந்தாலும் உலகம் நிற்கும் என்பது என் கணிப்பு. 2000-ல் ஆரம்பித்த 'ஓரியன்ஸ் ஆர்ம்' என்ற கூட்டு அறிவியல் புனைவு உலகத்தில் ஒளியைவிட வேகமாக எதுவும் போகக்கூடாது. மனிதரைவிடப் பல மடங்கு அறிவு முற்றிய இயந்திரங்கள் அங்கே தெய்வங்களைப் போல உலவுகின்றன, அவற்றுக்கும் இந்தச் சட்டம்தான். அந்த ஒரு வரியே ஆயிரம் காரியம் செய்கிறது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஆண்டுக்கணக்கில் தூரம் என்றால் ஒவ்வொரு இடமும் தன் போக்கில் விசித்திரமாக வளரும், ஆகவே எழுத வருகிறவர் அடுத்தவரை இடிக்காமல் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளலாம். தடை போட்டதாலேயே இடம் கிடைக்கிறது.

எரிக் ஃபிளின்ட்டின் '1632' உலகம் இன்னும் சுவாரசியம். 2000-ல் வந்த அந்த நாவலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊர், கிராண்ட்வில் என்று பெயர், அப்படியே பிய்த்துக்கொண்டு காலத்தில் பின்னால் போய், பதினேழாம் நூற்றாண்டில் முப்பதாண்டுப் போர் நடக்கிற ஜெர்மனியில் விழுகிறது. சில ஆயிரம் பேர்தான் அந்த ஊரின் மொத்த ஜனத்தொகை. பிறகு அவர் மற்றவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார், வாசகர்களே எழுத ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள், 'கிரிட்' என்பார்கள், ஊரில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன வேலை, யாருக்கு யார் உறவு என்று. உங்கள் கதைக்கு ஒரு பல் மருத்துவர் வேண்டுமென்றால் நீங்களே ஒருவரைப் படைத்துவிட முடியாது, பட்டியலில் இருக்கிறவரைத்தான் எடுக்க வேண்டும். தாராளம் காட்டி ஆளுக்கொரு விஞ்ஞானியை அந்த ஊரில் குடியேற்ற விட்டிருந்தால், 1640-க்குள் ராக்கெட் விட்டிருப்பார்கள். அப்படி விடாததால்தான் ஒரு தையல் இயந்திரத்தைச் செய்து முடிப்பதே ஒரு முழுக் கதையாக நிற்க முடிகிறது. கேட்பதற்குக் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த உலகத்தின் உயிரே பற்றாக்குறையில்தான் இருக்கிறது, பற்றாக்குறைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும்.

மேலிருந்து முழுசாகக் கட்டுப்படுத்துகிற முறையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு அதைப் பற்றி ஓர் இளக்காரம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'பெர்ரி ரோடன்' என்ற விண்வெளித் தொடர் 1961 செப்டம்பரிலிருந்து வாரம் ஒன்றாக வந்துகொண்டிருக்கிறது. 2019-ல் மூவாயிரமாவது இதழைத் தொட்டது. பல எழுத்தாளர்கள் முறை வைத்து எழுதுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு இதழுக்கும் முன்கூட்டியே ஒரு விரிவான கதைச் சுருக்கம் மையத்திலிருந்து வந்துவிடும், அதை எழுதுவதற்கென்றே ஆள் உண்டு. இதில் என்ன சுதந்திரம் என்று தோன்றும். என்ன நடக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது, எப்படி நடக்கிறது, யார் கண் வழியாகப் பார்க்கிறோம், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுகிறோம் என்பதெல்லாம் எழுதுகிறவர் கையில். தொலைக்காட்சித் தொடர் எழுதியவர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு. வாரம் ஒரு இதழ் கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் வேறு வழியும் கிடையாது. ஆனால் இது சம்பளத்துக்கு எழுதுகிற இடத்தில்தான் செல்லும். ஓய்வு நேரத்தில் ஆசைக்கு எழுத வருகிறவரிடம் கதைச் சுருக்கத்தை நீட்டினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார், வரவும் வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடி 'எஸ்சிபி ஃபவுண்டேஷன்', விபரீதமான பொருள்களையும் ஜந்துக்களையும் பிடித்து அடைத்து வைக்கிற ஒரு கற்பனை ரகசிய அமைப்பைப் பற்றி இணையத்தில் எழுதுகிற உலகம். 2007-ல் யாரோ பெயர் சொல்லாமல் எழுதிய ஒரு சின்னத் திகில் குறிப்பிலிருந்து முளைத்தது, இன்று ஆயிரக்கணக்கான பேர் எழுதுகிற உலகம். அங்கே அதிகாரபூர்வமான கேனான், அதாவது இதுதான் உண்மையில் நடந்தது என்று எல்லாரும் ஏற்க வேண்டிய கதை, என்று எதுவும் இல்லை. உன் கதையில் உலகம் அழிந்துவிட்டதா, நல்லது, என் கதையில் அழியவில்லை. அந்த அமைப்பை நடத்துகிறவர்கள் யார் என்பதற்கே ஏகப்பட்ட பதில்கள், எல்லாமே ஒரே நேரத்தில் செல்லும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "நாங்களும் கேனான் இல்லாமல் போகப் போகிறோம்" என்று கிளம்புகிறார்கள். ஆனால் அவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு, அங்கே கட்டுப்பாடு இல்லாமல் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. எது உண்மை என்பதை யாரும் கட்டுப்படுத்துவதில்லை, எது நிற்கத் தகுதியானது என்பதை வாசகர்களின் வாக்கு கட்டுப்படுத்துகிறது. ஒரு பதிவின் மதிப்பெண் மைனஸ் பத்துக்குப் போனால் நீக்கப்படலாம். அதோடு அந்தக் குறிப்புகளுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது, உணர்ச்சியே இல்லாத அலுவலகக் கோப்பு மொழி, முதலில் பாதுகாக்கும் முறை, பிறகு விவரணை. இத்தனை ஆயிரம் பேர் முரண்பட்டு எழுதியும் அது ஒரே உலகம் போலத் தெரிவதற்கு அந்த வடிவம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஏழு எட்டுப் பேர் எழுதுகிற குழுவுக்கு வாக்கெடுப்பெல்லாம் ஒத்துவராது. நண்பரின் கதைக்கு யார் மைனஸ் போடுவது?

இத்தனை நேரம் பேசியது நடந்த சம்பவங்களையும் உலகத்தின் விதிகளையும் பற்றி. இவற்றில் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு உலகத்துக்கு என்ன அர்த்தம் என்பதைக் கட்டுப்படுத்தப் போகும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் தன் பயங்கரக் கடவுள்களையும் கற்பனைப் புத்தகங்களையும் நண்பர்கள் எடுத்துக்கொள்வதை ரசித்தார், அவர்கள் உருவாக்கியதை இவரும் எடுத்துக்கொண்டார், விதிப்புத்தகம் என்று ஒன்றை எழுதவே இல்லை. ராபர்ட் பிளாக் என்ற எழுத்தாளர் இளைஞராக இருந்தபோது, லவ்கிராஃப்டைப் போன்ற ஒரு பாத்திரத்தைத் தன் கதையில் கொல்ல அவரிடமே அனுமதி கேட்டார். லவ்கிராஃப்ட் கேலியான ஒரு அனுமதிப் பத்திரமே எழுதிக் கொடுத்தார். கதை 1935-ல் வந்தது. பதிலுக்கு இவர் பிளாக்கைப் போன்ற ஒருவரைத் தன் கதையில் கொன்றார், அது 1936-ல் அச்சானது. கொல்வதற்கு முன் கேட்பது என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

1937-ல் லவ்கிராஃப்ட் இறந்த பிறகு ஆகஸ்ட் டெர்லெத் என்ற எழுத்தாளர் அந்த உலகத்தின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவரைக் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை, 1939-ல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்தை ஆரம்பித்துப் புத்தகம் போட்டிருக்காவிட்டால் லவ்கிராஃப்டின் பெயர் பழைய மலிவுப் பத்திரிகைகளோடு மக்கிப் போயிருக்க வாய்ப்புண்டு. ஆனால் தான் எழுதிய கதைகளில் அவர் அந்த உலகத்துக்கு ஒரு ஒழுங்கைத் திணித்தார். நல்ல தெய்வங்கள், கெட்ட தெய்வங்கள், நடுவில் யுத்தம், இந்தத் தெய்வம் நீருக்கு, அந்தத் தெய்வம் காற்றுக்கு என்று. லவ்கிராஃப்டின் கதைகளில் இருந்த பயமே பிரபஞ்சத்துக்கு நம்மைப் பற்றி ஒரு பொருட்டும் இல்லை என்பதில் இருந்தது, நன்மை தீமை என்று பிரித்ததும் அந்தப் பயம் போய்விட்டது. அடுத்து எழுதிய பலர் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்கள் வழியில் போனார்கள், போக முடிந்தது, ஏனென்றால் யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

ஆகவே 'இந்தப் போர் ஏன் நடந்தது' என்பதற்கு ஒரே பதிலை விதிப்புத்தகத்தில் எழுதி வைக்காதீர்கள். எந்த வருஷம் நடந்தது, எந்த ஊர் எரிந்தது, யார் செத்தார்கள், இவ்வளவு போதும். ஏன் என்பதற்கு ஒவ்வொரு கதையும் ஒரு பதில் வைத்திருக்கட்டும். ஒரு படைவீரன் சொல்கிற காரணமும் ஒரு விதவை சொல்கிற காரணமும் பொருந்திப் போகாவிட்டால் அது பிழை அல்ல. இந்த வழியில் சின்னச் சின்ன முரண்பாடுகளையும் உள்ளே விட்டுவிடலாம், அந்த ஊரில் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று வதந்தியாக வைத்துக்கொள்ளலாம். அளவோடு. எதற்கெடுத்தாலும் "அது சொல்கிறவரின் பார்வை" என்று தப்பித்துக்கொண்டே போனால் வாசிக்கிறவர் எதையும் நம்பமாட்டார், நம்பாதவருக்கு யார் செத்தாலும் வலிக்காது.

அடுத்து, உலகத்தை ஆரம்பித்தவர். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். இவர் தலைக்குள் எல்லாம் இருக்கும், காகிதத்தில் கால்வாசிதான் இருக்கும். நீங்கள் ஒரு கதை முழுதாக எழுதிக்கொண்டு போனால், "இல்லையே, அந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பின்னாடி சொல்லப்போகிறேன், அதோடு இது இடிக்கிறது" என்பார். கெட்ட எண்ணம் கிடையாது, பிரியம்தான். ஆனால் தெரியாத விதியை மீறியதாக ஒருவரைப் பிடிப்பது அநியாயம். இதில் மட்டும் நான் ரொம்பக் கறார். வெளிவந்த கதையில் இருப்பது சட்டம், பொதுக் குறிப்பேட்டில் எழுதியிருப்பது சட்டம், மனசுக்குள் இருப்பது ஆசை. ஆரம்பித்தவருக்கு ஏதாவது பெரிய ரகசியத் திட்டம் இருந்தால், ரகசியத்தைச் சொல்ல வேண்டாம், 'இந்த மலைப்பக்கம் யாரும் வர வேண்டாம்' என்று வேலி மட்டும் போட்டுவிடலாம். வேலிக்கு ஒரு கெடுவும் வைக்க வேண்டும். கெடு முடிந்தும் அவர் எழுதவில்லையென்றால் மலை பொதுச் சொத்து.

1931-ல் லண்டன் டிடெக்‌ஷன் கிளப் எழுத்தாளர்கள் சேர்ந்து 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்று ஒரு துப்பறியும் நாவல் எழுதினார்கள், அத்தியாயத்துக்கு ஒருவர். அதில் அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட விதி எனக்கு மிகவும் பிடித்தது. முன்னால் எழுதியவர் போட்டு வைத்த சிக்கல் எதையும் அடுத்தவர் கண்டுகொள்ளாமல் தாண்டக்கூடாது. அதைவிட முக்கியமாக, ஒரு சிக்கலைப் புதிதாகப் போடுகிற ஒவ்வொருவரும் தன் மனதில் ஒரு முழுத் தீர்வை வைத்திருக்க வேண்டும், அதை எழுதியும் கொடுக்க வேண்டும். அந்தத் தீர்வுகள் புத்தகத்தின் கடைசியில் அச்சாகின. தீர்வை அடுத்தவர் பின்பற்ற வேண்டியதில்லை, ஆனால் உன்னிடம் ஒன்று இருக்க வேண்டும். சும்மா ஒரு மர்மக் கதவை வைத்துவிட்டு "பின்னாடி யாராவது திறந்துக்குவாங்க" என்று போகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. இத்தனைக்கும் பிறகு கடைசி அத்தியாயத்தை எழுத வேண்டி வந்தவர் ஆண்டனி பெர்க்லி. குப்பையை ஒழுங்குபடுத்துதல் என்கிற அர்த்தத்தில் அதற்குத் தலைப்பு வைத்தார். கடைசி அத்தியாயத்தை எழுதுகிறவரின் வேதனை எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் போல.

வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு நேரம் உண்டு. முழுக்கதை வந்த பிறகு சொன்னால் யாருக்கும் மனசு ஒடியும். நாங்கள் எழுதுவதற்கு முன்னால் ஒரு அரைப்பக்கம் கேட்கிறோம், அதில் கதை என்ன என்பதுகூட வேண்டாம், இந்தக் கதை முடிகிறபோது உலகத்தில் நிரந்தரமாக என்ன மாறியிருக்கும் என்று மட்டும். ஒன்றும் மாறாது என்றால் பதிலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், எழுத ஆரம்பித்துவிடலாம். நிறையக் கதைகள் இப்படித்தான் போகின்றன, மிக நல்ல கதைகளும் இதில் உண்டு. ஒரு படகு கட்டுகிறவரின் ஒரு நாள், ஒரு கிழவியும் அவள் ஆடும், இதற்கெல்லாம் யாரும் ஒப்புதல் முத்திரை குத்த வேண்டியதில்லை.

சொத்துரிமைப் பேச்சு யாருக்கும் பிடிக்காது, ஆனாலும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொகுக்க 1987-ல் ஆரம்பித்த 'வைல்ட் கார்ட்ஸ்' இதில் நல்ல வழிகாட்டி. நண்பர்கள் சேர்ந்து ஆடிய ஒரு விளையாட்டிலிருந்து கிளம்பிய உலகம் அது. கதாபாத்திரம் உருவாக்கியவருக்கே சொந்தம், இன்னொருவர் அதைப் பயன்படுத்தினால் உருவாக்கியவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். முதலில் மூன்று மூன்று புத்தகமாகத் திட்டமிட்டார்கள், முதல் இரண்டில் தனித்தனிக் கதைகள், மூன்றாவதில் எல்லாருடைய இழைகளையும் ஒரே நாவலாகப் பின்னுவது. தளர்வாக விட வேண்டிய புத்தகம் எது, இறுக்கிப் பிடிக்க வேண்டிய புத்தகம் எது என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். எப்போதும் ஒரே அளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை என்பதை நான் அங்கேதான் முதலில் புரிந்துகொண்டேன்.

உரிமை ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸ் உரிமையாளர்கள், அதுவரை பல ஆண்டுகளாகப் பல எழுத்தாளர்கள் எழுதிய நாவல்களும் காமிக்ஸ்களும் இனிமேல் 'லெஜண்ட்ஸ்', அதாவது கேனானில் சேராது என்று அறிவித்தார்கள். புதிய படங்கள் எடுக்க இடம் வேண்டும் என்பது அவர்கள் காரணம், புரிகிறது. ஆனால் அந்த நாவல்களோடு வளர்ந்தவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் 'நடக்காத கதை' ஆகிவிட்டது. உரிமம் சுத்தமாக இல்லாவிட்டால் அது வேறு வகைத் தலைவலி. எஸ்சிபியின் அந்த முதல் குறிப்போடு இருந்த படம் ஒரு ஜப்பானியக் கலைஞரின் சிற்பத்தினுடையது, மற்ற எல்லாம் யாரும் எடுத்தாளலாம் என்ற பொது உரிமத்தில் இருக்க அது மட்டும் அப்படி இல்லை. கடைசியில் 2022-ல் அந்தப் படத்தை எடுத்தே விட்டார்கள், குறிப்பு படம் இல்லாமல் நிற்கிறது.

எங்கள் தீவுகளில் இப்போதைக்கு உள்ள ஏற்பாடு: விலகிப் போகிறவர் தன் கதாபாத்திரங்களில் யாரை விட்டுவிட்டுப் போகிறார், யாரைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எடுத்துக்கொண்டு போனவர்கள் எங்கள் கதைகளில் கப்பலேறி வெளிநாடு போனவர்கள், பெயர் வரலாம், ஆள் வரமாட்டார். வெளிவந்த கதைகள் அப்படியே இருக்கும், அவற்றில் நடந்தது நடந்ததுதான். இது வரைக்கும் சிக்கலில்லை. ஆனால் தீவுகளின் வரைபடத்தை வரைந்தவர் போன மாதம் விலகிவிட்டார், அந்த ஏற்பாட்டில் வரைபடத்தைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அவர் நல்லவர், கேட்டால் கொடுத்துவிடுவார் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். எழுதி வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. அது முடிகிற வரை புதிய தீவு எதையும் யாரும் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம், ஏற்கெனவே ஒருவர் பாதி கண்டுபிடித்துவிட்டாராம்.